தரைத்தளத்துக்கு வந்த ஏணி

வேலை செய்யும் இடத்தில் அவரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஆறடி மூன்று அங்குலம். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே, எரியாமல் கிடந்த கூரை விளக்கை நின்ற இடத்திலிருந்து கையை நீட்டிக் கழற்றிவிட்டார். அன்று விழுந்த பெயர் அது. அதன் பிறகு அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் குடியிருந்தது. அவரோடு ஜோடி சேர்ந்து வேலை பார்த்தவர் குள்ளம், கெட்டி, உருண்டை. அவருக்கு நட்டு என்று பெயர் வைக்க யாரும் ரொம்ப யோசிக்கவில்லை.

இருபது வருஷம் ஏணியும் நட்டுவும் ஒரே வேனில் சுற்றினார்கள். ஏணி லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நிற்பார். நட்டு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவார். இரண்டு பேருக்கும் நடுவில் பத்து மாடி இருட்டு. அந்தப் பத்து மாடியையும் ஏணியின் பேச்சு நிரப்பும். அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கும்போதுகூட மூக்கால் பேசுகிறார் என்பது நட்டுவின் நிரந்தரப் புகார்.

இப்படி ஊரையே மேலும் கீழுமாய் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில். அறுபத்தெட்டு படி. யாராவது சிரித்தால், "சமையல்காரன் வீட்டு அடுப்பு எரியுதான்னு யாராவது கேட்டீங்களா?" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். படிகளை அவர் பொருட்படுத்தியதே இல்லை. இரண்டிரண்டாகத் தாவி ஏறுவார். மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கட்டடத்து வாசலில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் ஹார்ன் தேவையில்லை, நாலாவது மாடியில் தூங்கும் மகள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஏணிக்கு நாற்பத்து மூன்று வயது நடக்கும்போது இடது பாதம் மரத்தது. ஒரு காலுக்கு மட்டும் இரண்டு சாக்ஸ் மாட்டியிருப்பதுபோல் இருந்தது. புது ஷூவைக் குறை சொன்னார். ஷூவை மாற்றினார். சாக்ஸ் இரண்டும் அப்படியே இருந்தன. கோடையில் ஒரு மத்தியானம், ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். கீழே குழிக்குள் இருந்த நட்டு வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து கத்தினார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இந்த லிஃப்டுக்கு எத்தனை கம்பிவடம்?"

"நாலு. இருபது வருஷமா நாலுதான்."

"எனக்கு எட்டு தெரியுது."

நட்டு முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை விழுங்கிவிட்டு, மேலே ஏறி வந்து, தன்னைவிட ஒன்றரை மடங்கு உயரமான மனிதரைத் தோளில் சாய்த்து, ஒவ்வொரு அடியாக வெளியே கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியிலேயே நடந்ததால் வண்டி பிடிக்கும் வேலை மிச்சம் என்று ஏணி சொல்லிப் பார்த்தார்.

குழாய்க்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து நரம்பு டாக்டர் அம்மா, ஏணியையும் மனைவியையும் எதிரில் உட்காரவைத்து, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று சொன்னார். சுருக்கமாக எம்.எஸ். திரையில் மூளைப் படத்தைக் காட்டி, அங்கங்கே தெரிந்த வெள்ளைப் புள்ளிகளைப் பேனாவால் தொட்டார்.

"நரம்பச் சுத்தி ஒரு உறை இருக்கு. அது இந்த இடத்துல எல்லாம் சேதமாயிருக்கு. அதனால மூளை அனுப்பற சேதி கால் வரைக்கும் ஒழுங்காப் போய்ச் சேரல."

"வயர் மேல இருக்கற உறை உரிஞ்சுபோச்சு. அதானே டாக்டர்?"

"அதேதான்."

"யார் உரிச்சது?"

"உங்க உடம்பேதான். வெளியிலேர்ந்து வர்ற கிருமியோட சண்டை போட வேண்டிய காவல், ஆள் தெரியாம சொந்த நரம்பையே கடிக்குது."

"வாட்ச்மேன் வீட்டுக்காரனையே அடிக்கறானா?" என்றார் ஏணி. "உரிஞ்ச இடத்துல டேப் சுத்த முடியாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இன்னும் அந்த டேப்பக் கண்டுபிடிக்கல. ஆனா புதுசா உரியறத முடிஞ்ச வரைக்கும் தடுக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து மருந்து ஏத்திக்கணும்."

"ஆறு மாச சர்வீஸ். நாங்களும் அப்படித்தான் எழுதிக் குடுப்போம்."

மனைவி கேட்டார். "இவர் பேச்சு பாதிக்குமா டாக்டர்?"

"இப்போதைக்கு அப்படி எதுவும் தெரியல."

"அப்ப எனக்குத்தான் விடிவே இல்ல," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். ஏணியும் அழுதார். இரண்டு பேரும் அழுது முடிக்கும்வரை டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் மருந்து ஏற்றியதில் எட்டு கம்பி மறுபடியும் நாலாயிற்று. பார்வை திரும்பியது. பாதத்துச் சாக்ஸ் கழலவில்லை. அதைவிடப் பெரிய வம்பு களைப்பு. அது வேலை செய்து வரும் அசதி அல்ல. டார்ச் லைட்டிலிருந்து யாரோ பேட்டரியை உருவிக்கொண்டதுபோல, நின்றுகொண்டிருக்கும்போதே ஆள் அணைந்துபோவார். வெந்நீரில் குளித்தால் பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடப்பார். உயரத்தில் ஏறக் கூடாது, லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் இறங்கக் கூடாது என்று கம்பெனி டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஏணிக்கு ஏணி தடை செய்யப்பட்டது.

மூன்று மாசம் வீட்டில் கிடந்தார். அந்த மூன்று மாசத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் அவர் கூரையைத்தான் பார்ப்பார். அதில் இருந்த ஒவ்வொரு விரிசலும் மனப்பாடம். தெரு ஜன்னல் வழியாக மட்டும் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?" வாய் ஓயாத மனிதர் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மனைவியின் அண்ணன் வாராவாரம் போன் செய்து ஒரு வைத்தியம் சொன்னார்.

"மாப்ள, தேனீய விட்டுக் கொட்ட வெச்சா இந்த வியாதி போயிடுதாம். நெட்ல ஒருத்தர் போட்டிருக்கார்."

"மொதல்ல நீங்க ஒரு ரவுண்டு கொட்டிக்கிட்டுப் பார்த்துட்டு சொல்லுங்க மச்சான்."

மூன்று மாசத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான் என்று மகள் சொல்வாள்.

நாலாவது மாசம் சூப்பர்வைசர் அம்மா நேரிலேயே வந்தார். அறுபத்தெட்டு படியும் ஏறி, மூச்சு வாங்கி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மணி பட்டனை அழுத்தினால் ஆபீசில் ஒரு போன் அடிக்கும். அதை எடுத்துப் பேச ஒரு ஆள் வேண்டும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களைப் பதற்றப்படாமல் வைத்திருக்க வேண்டும்.

"பேசற வேலையா?" என்றார் ஏணி. குரலில் உற்சாகம் இல்லை. கை வேலைக்காரனைப் போனுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது ஓரங்கட்டும் காரியம் என்று அவருக்குத் தோன்றியது.

"ஆமா. இருபது வருஷமா வேண்டாம் வேண்டாம்னு சொன்னாலும் பேசிட்டுத்தானே இருந்தீங்க? இப்ப அதுக்குச் சம்பளம் தரோம்கறேன்."

ஆபீஸ் அறையில் நல்ல ஏ.சி. இருந்தது. அவருடைய மேஜையைக் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே போடச் செய்தார் சூப்பர்வைசர்; அவசரம் வந்தால் எம்.எஸ். யாருக்கும் அவகாசம் தராது என்பதை அவர் விசாரித்து வைத்திருந்தார். நாளுக்கு ஐந்து மணி நேர வேலை. நடுவில் அரை மணி சாய்ந்து படுக்க ஒரு பழைய சோபா. "மேனேஜருக்குக்கூட இந்த வசதி கிடையாது," என்று மற்றவர்கள் பொருமியதில் ஏணிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

முதல் நாள் ஒரு அட்டையைக் கொடுத்திருந்தார்கள். அதில் எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். பத்தரை மணிக்கு முதல் மணி அடித்தது. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் ஒரு பெண், தனியாக.

"தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து அமைதி காக்கவும்," என்று ஏணி படித்தார்.

அந்தப் பெண் வீறிட்டு அழுதார்.

ஏணி அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "அம்மா, நான் ஒரு மெக்கானிக். இருபது வருஷம் இந்த லிஃப்ட் தலைமேல நின்னவன். நீங்க நிக்கறது எந்த மாடின்னு எனக்குத் தெரியும், உங்க தலைக்கு மேல என்ன இருக்குன்னும் தெரியும். நாலு கம்பி இருக்கு. ஒண்ணே போதும் உங்களத் தாங்க. மீதி மூணும் சும்மா சம்பளம் வாங்குது. கேக்குதா?"

அழுகை கொஞ்சம் தணிந்தது. "மூச்சு முட்டுது."

"முட்டாது. பெட்டியச் சுத்தி காத்து வர இடைவெளி இருக்கு, நானே பெருக்கியிருக்கேன். இப்ப செருப்பக் கழட்டுங்க. கழட்டிட்டீங்களா? தரையில உக்காருங்க. முதுகப் பக்கச் சுவத்துல சாச்சுக்குங்க, கதவுல வேண்டாம். ஆங். எங்க கிளம்பினீங்க இந்த நேரத்துல?"

தங்கை வீட்டுக்கு. போய்ச் சண்டை போடுவதற்காக. என்ன சண்டை என்று ஏணி கேட்டார். ஒரு தையல் மெஷினைப் பற்றிய சண்டை. அம்மா யாருக்குக் கொடுத்தாள் என்பதில் பதினொரு வருஷமாக வழக்கு. ஏணி இரண்டு பக்கத்து நியாயத்தையும் விசாரித்தார். இடையிடையே, "அட, அப்படியா சொன்னாங்க?" என்று அதிசயப்பட்டார். முப்பத்தைந்து நிமிஷம் போயிருக்கும். நட்டு போய்ச் சேர்ந்து, பெட்டியை மாடிக்கு நேராகக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் நட்டுவை நிமிர்ந்து பார்த்து, "ஒரு நிமிஷம் இருங்க தம்பி, முக்கியமாப் பேசிட்டிருக்கேன்," என்றார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் அந்தக் கதை கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஏணி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார், மகளிடம் சொன்னார், மறுபடி மனைவியிடம் சொன்னார். அந்த வீட்டில் மூன்று மாசமாக யாரும் ஒரு கதையை இரண்டு தடவை கேட்டிருக்கவில்லை. மகள் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு மூன்றாவது தடவையும் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஏணி அந்த நாற்காலிக்காகவே பிறந்தவர் போலானார். பிறந்தநாள் கேக்கோடு மாட்டிக்கொண்ட குடும்பத்தை உள்ளேயே கேக் வெட்டவைத்தார். பரிசுப் பெட்டியொன்று கதவில் சாய்ந்திருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை நகர்த்திவிட்டுப் பட்டனை அழுத்தச் சொல்லி, மெக்கானிக் போவதற்கு முன்பே லிஃப்டை ஓடவைத்தார். போனில் கேட்கும் 'டக்' சத்தத்தை வைத்தே எந்தக் கோளாறு என்று நட்டுவுக்குச் சொல்லிவிடுவார். நட்டு சரிபார்த்துவிட்டு, "நீ சொன்னதேதான்," என்பார், கொஞ்சம் எரிச்சலோடு.

கால் என்னவோ முன்னேறவில்லை. இரண்டாவது வருஷம் ஒரு தடவை வலது கையும் மரத்து, பாதி திரும்பி வந்தது. கைத்தடி வந்தது. அதை முதல் ஒரு மாசம் குடையோடு சேர்த்துப் பிடித்து, குடைதான் என்று ஊரை நம்பவைக்கப் பார்த்தார். மழையே இல்லாத மாசம். யாரும் நம்பவில்லை. அதற்கப்புறம் குடையை வீட்டில் வைத்துவிட்டார்.

மருந்து ஏற்றிக்கொள்ளப் போகும்போது வருஷத்துக்கு ஒரு தடவை நர்ஸ் ஒரு காகிதம் தருவார். மேலே 'வாழ்க்கைத் தரம்' என்று தலைப்பு. நடை, கை, தூக்கம், மனசு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். அந்த வருஷம் நர்ஸ் ஏணியின் தாளைப் பார்த்துவிட்டுப் பழைய தாளையும் எடுத்துவந்தார்.

"எங்கயோ மாத்திப் போட்டுட்டீங்க சார். நடைக்குப் போன வருஷம் ஆறு, இப்ப நாலு. கைக்கு எட்டு, இப்ப அஞ்சு. ஆனா கடைசில, மொத்தத்துல வாழ்க்கை எப்படி இருக்குன்னு கேட்டதுக்குப் போன வருஷம் மூணு போட்டிருக்கீங்க. இப்ப எட்டு."

"சரியாத்தாம்மா போட்டிருக்கேன்."

"கால் மோசமாச்சு, வாழ்க்கை நல்லாச்சா?"

"போன வருஷம் கால் நல்லா இருந்துச்சு, போக இடமில்ல. இப்ப என்னைத் தேடி ஒரு நாளைக்கு ஆறு பேர் மணி அடிக்கறாங்க."

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினார். "மீதி ரெண்டு மார்க்க எங்க விட்டீங்க?"

"மாடிப்படில," என்றார் ஏணி. பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பஸ் ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்த மனைவியின் பேனா நின்றது.

உண்மைதான். ஆபீஸ் முடிந்து வந்தால் வீடு ஏற இருபத்தைந்து நிமிஷம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அந்த மாடிக்காரர் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அதில் பத்து நிமிஷம். மேலே வந்து சேர்ந்ததும் படுக்கை. ஒரு தடவை ஏறினால் மறுநாள் காலைவரை இறங்குவதில்லை.

அன்று சாயங்காலமே மனைவி பேச்சை எடுத்தார். கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு டிரம்பெட் வாத்தியாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வீடு இருட்டு என்று வாத்தியார் ரொம்ப நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரே அளவு வீடு. மாற்றிக்கொண்டால் என்ன?

"நான் தரைத்தளத்துக்கா?" ஏணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "லிஃப்ட் மெக்கானிக் தரைத்தளத்துல குடியிருக்கறதா? மீன் மரத்துல குடியிருக்கற மாதிரி. நாலு பேர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இப்ப யாரும் சிரிக்காமலா இருக்காங்க?"

"இன்னைக்குக் கீழ போனா அப்புறம் மேல வரவே மாட்டேன்."

இதுதான் உண்மையான காரணம். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் தெரிந்தது. மனைவி கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் தினமும் நாப்பது பிள்ளைங்கள பஸ்ல ஏத்தி இறக்கறேன். படி உயரமா இருந்தா எந்தப் பிள்ளையும் மானம் போச்சுன்னு நிக்கறதில்ல. கைய நீட்டுது. தூக்கி விடறோம். உள்ள போய் உக்காந்து கத்த ஆரம்பிச்சிடுது."

"நான் பிள்ளையா?"

"பிள்ளைன்னா பரவாயில்லையே. சொன்னாக் கேக்கும்." அம்மாளின் குரல் மெல்ல ஏறியது. "நீங்க ஆபீஸ்ல பேசறீங்க. ஊர்ல லிஃப்ட்ல மாட்டினவங்க எல்லாம் உங்களோட பேசறாங்க. யாரோ ஒருத்தியோட தையல் மெஷின் கதைய முப்பத்தஞ்சு நிமிஷம் கேட்டீங்க. மாடி ஏறி வந்து படுத்தா அவ்வளவுதான். பேச்செல்லாம் அவங்களுக்கு, குறட்டை மட்டும் எனக்கா?"

பக்கத்து அறையிலிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அந்த வாத்தியார் ஒத்துக்குவாரா?" என்றார் ஏணி கடைசியில்.

வாத்தியார் ஒத்துக்கொண்டார் என்பது சரியில்லை, துள்ளிக் குதித்தார். அவரைவிடத் துள்ளியது மற்ற குடித்தனங்கள். தரைத்தளத்தில் காலை ஏழு மணிக்கு டிரம்பெட் வகுப்பு தொடங்கினால் சத்தம் மாடிப்படி வழியாக ஒவ்வொரு வீடாக ஏறி வரும். மேலே போனால் அது வானத்துக்குப் போய்விடும் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். மூன்றாவது மாடிக்காரர் மட்டும் எதிர்த்தார். மொட்டை மாடியில்தான் ஊதுவேன் என்று வாத்தியார் எழுதிக் கொடுத்த பிறகு அவரும் அடங்கினார். விஷயம் இத்தனை பேருக்கு நல்லதாக முடியும் என்று தெரிந்ததும் ஏணிக்கும் மானப் பிரச்சினை தீர்ந்துபோயிற்று. "நான் எனக்காகப் போகல. கட்டடத்தோட காதுக்காகப் போறேன்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. நட்டுவும் கம்பெனி ஆட்கள் நாலு பேரும் வந்தார்கள். மச்சானும் வந்தார், கையில் ஏதோ தைலப் புட்டி. ஏணியைக் கீழே வாசலில் நிழலான இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கழுத்தில் ஈரத்துண்டு சுற்றி, கையில் போனைக் கொடுத்து, "அசையக் கூடாது," என்று மனைவி உத்தரவு போட்டார்.

மேலிருந்து இறங்கிய ஃப்ரிட்ஜும் கீழிருந்து ஏறிய துணி அலமாரியும் இரண்டாவது மாடித் திருப்பத்தில் சந்தித்தன. அது நடக்கக் கூடாது என்று ஏணி முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆனால் மச்சான் மேற்பார்வை பார்த்தார். அலமாரி சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் குறுக்காக இறுகிக்கொண்டது. ஃப்ரிட்ஜ் அதன்மேல் சாய்ந்தது. இரண்டுக்கும் பின்னால் மூலையில், டிரம்பெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாத்தியார். முன்னாலும் வழி இல்லை, பின்னாலும் வழி இல்லை. ஏணியின் போன் அடித்தது.

"சார், நான்தான் வாத்தியார். மாட்டிக்கிட்டேன்."

ஏணியின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை மகள் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

"பயப்படாதீங்க வாத்தியாரே. எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது. உங்களுக்கே தெரியுமே!"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க. நட்டு பக்கத்துல இருக்கானா? அலமாரிய ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்க." போன் வழியாக 'தொம்' என்று கேட்டது. "உள்ள துணி இருக்கு. காலி பண்ணாமலா தூக்கினீங்க? யார் சொன்னது?"

"உங்க மச்சான்."

"அவர மொட்டை மாடிக்கு அனுப்புங்க, தேனீ வருதான்னு பாக்கச் சொல்லுங்க. நட்டு, மொதல்ல ஃப்ரிட்ஜ மூணு படி மேல ஏத்து. ஏத்திட்டியா? இப்ப அலமாரி கதவ ரெண்டையும் கழட்டு. மேல் மூலைய உன் பக்கம் சாய்ச்சுக்கிட்டு, அடிய மட்டும் சுவர்ப் பக்கம் தள்ளு. தூக்காத, தள்ளு. சத்தம் வந்துச்சா?"

வந்தது. அலமாரி திரும்பியது. பின்னாலிருந்து வாத்தியார் விடுதலையானார். விடுதலையான சந்தோஷத்தில் படியிலேயே நின்று அவர் ஊதிய ஊதலில் மூன்றாவது மாடிக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். கீழே ஏணி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. அன்று மத்தியானம் எல்லோரும் புது வீட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். ஏணி இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, மறுபடியும் முதலிலிருந்து கதையைச் சொன்னார், அங்கேயே இருந்தவர்களிடம்.

தரைத்தள வீடு இருட்டுத்தான். வாத்தியார் பொய் சொல்லவில்லை. ஆனால் இருட்டு என்றால் குளிர்ச்சி. கோடையிலும் அந்த வீட்டில் ஏணிக்குக் கால் துவளவில்லை. வேலை முடிந்து வந்தால் இரண்டே படி. அந்த இரண்டின் மேலும் நட்டு ஒரு சாய்பலகை போட்டுக் கொடுத்தார். மாலையில் மனைவி பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும்போது ஏணி விழித்துக்கொண்டிருப்பார். காய் நறுக்குவார், மரத்த கையால் நறுக்கியதால் ஒன்று பட்டாணி அளவு, ஒன்று பலகை அளவு. இரண்டு பேரும் பேசுவார்கள். ஒரு வாரம் போனதும், "கொஞ்சம் குறட்டையும் விடலாம், தப்பில்ல," என்று மனைவி சொன்னார்.

அதற்கடுத்த மாசம், பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்து ஒரு வண்டி வந்தது. நாலு சக்கரம், பிடித்துத் தள்ள இரண்டு கைப்பிடி, பிரேக், களைத்தால் உட்கார ஒரு சின்ன இருக்கை. ஏணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நடைவண்டி," என்றார். "ஒரு வயசுல ஓட்டினது. ரிவர்ஸ் எடுத்து வந்துட்டேன்."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஏற்கனவே ஸ்பேனரை எடுத்துக்கொண்டிருந்தார். பிரேக் கம்பி தளர்வாம். முன் சக்கரம் இடது பக்கம் இழுக்கிறதாம். வண்டி செய்தவனுக்குத் தொழில் தெரியாதாம். தன் உயரத்துக்குக் கைப்பிடியை ஏற்றி, எண்ணெய் விட்டு, ஒரு சைக்கிள் மணியும் பொருத்திய பிறகுதான் அவருக்குத் திருப்தி.

மறுநாள் ஏணிக்கு லீவு. மனைவி வேலைக்குப் போயிருந்தார். மகள் பள்ளியில். மூன்று மணிவாக்கில் ஏணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேகம் போட்டு வெயில் மறைந்திருந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது அவருக்குச் சட்டென்று உறைத்தது. நட்டு வர வேண்டாம். நாற்காலி போட வேண்டாம். கதவைப் பூட்டினார், சாய்பலகையில் மெதுவாக இறங்கினார், மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தார், போனார்.

முடிதிருத்தும் கடைக்காரர் ஓடிவந்து கைகொடுத்தார். ரொட்டிக்கடையில் ஆளுக்கொன்று என்று மூன்று சூடான பன் வாங்கினார். தெருமுனையைத் தாண்டினால் ஒரு மைதானம். பெரிய பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் உட்கார இடம் இல்லை. ஏணிக்கு என்ன? இடத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வண்டியின் பிரேக்கைப் போட்டு அதிலேயே உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டு ஆட்டத்தைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் கோல்கீப்பருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார். இருபது நிமிஷத்தில் இரண்டு அணியும் அவரிடம் தீர்ப்புக் கேட்டன. போன் சட்டைப்பையில் அடித்தது. கூச்சலில் காதில் விழவில்லை.

அவர் திரும்பி வரும்போது ஐந்தே முக்கால். கால் குழையத் தொடங்கியிருந்தது. வழியில் மூன்று தடவை உட்கார்ந்து வந்தார். வாசலில் மனைவி பஸ் சாவியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மகள்.

"எங்க போனீங்க?" அந்தக் குரலுக்கு நாலாவது மாடியில் வாத்தியாரின் ஜன்னல் திறந்தது.

"சும்மா."

"சும்மான்னா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத் தெரியாதா? எத்தனை தடவை போன் பண்ணேன்? வீடு பூட்டிக் கிடக்குது, மனுஷனக் காணோம். எனக்கு உயிரே இல்ல! சின்னப் புள்ளையா நீங்க? ஊரச் சுத்திட்டு விளக்கு வெக்கற நேரத்துக்கு வந்து நின்னா என்ன அர்த்தம்?"

ஏணி வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. மகள் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு? நான் கத்தறது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"இல்லம்மா. லேட்டா வந்ததுக்கு நீ என்னைத் திட்டி எத்தனை நாளாச்சு? இன்னும் ரெண்டு திட்டு."

அம்மாள் சாவியால் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பன் வாங்கினீங்களா?" வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

"வாங்கினேன்."

"எங்க?"

"தின்னுட்டேன்."

"மூணையுமா?"

"ஆட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் ஏணி.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டார். கடை மூடுவதற்கு இன்னும் அரை மணி இருந்தது. ஏணி வண்டியின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ள, மகள் பக்கத்தில் சாய்பலகை மேல் குந்த, அந்த அம்மாள் தெருவில் இறங்கி வேகமாக நடந்தார். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"உங்களுக்கு இன்னொண்ணு வேணுமா?"

"ரெண்டு!" என்று கத்தினார் ஏணி, மணியை அடித்துக்கொண்டே.